எக்ஸாமினர் சட்டைப்பையில் ஒரு இலை

பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்காமலே பாஸ் பண்ணியவர்களையும் பார்த்திருக்கிறேன். பரீட்சை எழுத என்னென்ன தகுதி வேண்டும் என்பதை மட்டும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவன் இந்தப் பூமியில் ஒருத்தன்தான் பிறந்தான். அவனும் போயும் போயும் என் ஹாஸ்டல் அறையில் வந்து சேர்ந்தான்.

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அதைக் கேட்டால், யாரோ புதுப் பையன் சேர்ந்திருக்கிறான் போல என்று திரும்பிப் பார்ப்போம். எங்களுக்கு அவன் காலண்டர். சுவரில் மாட்டித் தேதி கிழிக்கிற காலண்டர் இல்லை. யுனிவர்சிட்டி தன் விதிகளை எல்லாம் திரட்டி, கெட்டி அட்டை போட்டு ஒரு புத்தகம் வெளியிடும். அதற்குக் காலண்டர் என்று பெயர். எல்லாக் கல்லூரியிலும் அது பிரின்சிபால் அறை பீரோவில் தூங்கும். எங்கள் ஆள் அதைச் சொந்தமாக வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். குளிக்கப் போகும்போது மட்டும், “பாத்துக்கப்பா” என்று கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். நாங்கள் பாட்டனி பி.எஸ்ஸி. கடைசி வருஷம். பூவைப் பார்த்துப் பெயர் சொல்கிற படிப்பு என்று எங்கள் வீடுகளில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார்களா? வகுப்புக்கு முக்கால்வாசி நாளாவது வந்திருக்க வேண்டும். பிராக்டிகல் மணிக்கணக்கு நிறைந்திருக்க வேண்டும். ரெக்கார்டில் லெக்சரர் கையெழுத்து வேண்டும். இதெல்லாம் போதாதென்று, கடைசி வருஷம் ஒரு நிலத்தை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன மண், தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தச் செடி எதன் நிழலில் வளர்கிறது, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று வருஷம் முழுக்கப் பார்த்து எழுத வேண்டும். அங்குள்ள செடிகளை வேரோடு, பூவோடு பறித்து, அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினரிடம் காட்ட வேண்டும். இப்போது சுற்றுச்சூழல் அறிவியல் என்று இதற்குத் தனியாகப் பட்டமே கொடுக்கிறார்கள். அன்றைக்கு அது பாட்டனிக்கு வாலாக ஒட்டிக்கொண்டு வந்து எங்கள் கழுத்தைச் சுற்றியது.

இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் பிராக்டிகல் பரீட்சைக்குள் விடமாட்டார்கள். மற்றவர்களுக்கு அது மிரட்டல். காலண்டருக்கு அது நடந்தே விட்டது. முந்தின வருஷம் ரெக்கார்டில் கையெழுத்துப் போடவேண்டிய லெக்சரர் டைபாய்டில் படுத்துக்கொண்டார். கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு போனவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருஷம் போயிற்று.

அவன் திருமயத்துப் பக்கத்து வணிகக் குடும்பம். பெரியப்பாவுக்குப் பினாங்கில் கடை. அவனுடைய அப்பா, அவன் பாஷையில் அப்பச்சி, ஒரு நாள் ஹாஸ்டலுக்கே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, குரலே உயராத மனுஷர். என் கட்டிலில் உட்கார்ந்து, மகனைப் பார்த்துச் சாந்தமாகச் சொன்னார்.

“இந்தத் தடவையும் டிகிரி வாங்கலேன்னா கப்பல்தான். பெரியப்பாவுக்குச் சொல்லியாச்சு. ஒனக்குக் கடையில எடம் ஒழிச்சு வச்சிருக்காக.”

“சரிங்க அப்பச்சி” என்றான் காலண்டர். அவர் படி இறங்கியதும் வாளியைத் தேடிக்கொண்டு ஓடினான். திருமயத்துக்குப் பஸ்ஸில் போனாலே பாதி வழியில் வாந்தி எடுக்கிறவன் அவன். பினாங்குக்குப் போகிற கப்பலில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும் என்று சத்தியமாக நம்பினான். அதோடு, பெரியப்பா கடைப்பையன்களைக் கை நீட்டி அடிப்பது குடும்பத்தில் பிரசித்தம். அன்றிலிருந்து அவன் பாட்டனியைப் படித்ததைவிடக் காலண்டரைப் படித்ததுதான் அதிகம்.

படித்துவிட்டுச் சும்மா இருந்தானா? தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் லெக்சரர், பாவம், தலை தீபாவளிக்கு மாமனார் வீடு போகிற அவசரத்தில், “அடுத்த வாரம் பிராக்டிகல் கெடையாது, ஊருக்குப் போங்கப்பா” என்றார். நாங்கள் மேஜையைத் தட்டினோம். காலண்டர் எழுந்து நின்றான்.

“சார், அப்பிடிப் பண்ணுனா மணிக்கணக்கு கொறையும் சார். பரீட்சைக்கு அனுப்ப மாட்டாங்க.”

“பின்னாடி பாத்துக்கலாம்ப்பா.”

“பின்னாடி நாள் இல்லீங்க சார். கூட்டிப் பாத்துட்டேன்.”

அவன் கூட்டியது சரியாக இருந்தது, அதுதான் கொடுமை. தீபாவளிக்கு மறுநாள் காலையில் லெக்சரர் புது வேட்டியும் தூக்கிவைத்த முகமுமாக வந்து நின்றார். நாங்கள் குளத்துப் பாசியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். நான் ஆவூர்க்காரன், மாதா கோயில் ஊர். எனக்குத் தீபாவளி இல்லைதான். ஆனால் லீவு லீவுதானே ஐயா.

பையன்கள் பழி வாங்கினார்கள். அவனுடைய புத்தகத்தை ஹாஸ்டல் மாமரத்தின் உச்சிக் கிளையில் கட்டிவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான், எடுத்தான், சிராய்ப்போடு இறங்கினான். நேரே வார்டனிடம் போனான். யார் செய்தது என்று சொல்லப் போகிறான் என்று ஜன்னலடியில் ஒட்டி நின்று கேட்டோம். அவன் போய்ச் சொன்னது வேறு.

“சார், ஹாஸ்டல் விதிப்படி மரத்துல ஏறக்கூடாது. நான் ஏறிட்டேன். தண்டனை குடுங்க சார்.”

அப்படி ஒரு விதி இருப்பதே வார்டனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வாரம் ஹாஸ்டல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இவன் ஒரு செடி விடாமல் ஊற்றினான்.

அவனுடைய அக்கா கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்த கையோடு பஸ் ஏறி, வழியில் வாந்தி எடுத்து, நெற்றியில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக மத்தியான வகுப்பில் வந்து உட்கார்ந்தான். “உள்ளேன் ஐயா” என்று அவன் சொன்னபோது லெக்சரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவனோடு சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜோடி சேர்த்தால் என் கதி என்ன ஆகும்? நிலம் பார்த்து எழுதுகிற வேலைக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். சிலருக்குக் கண்மாய்க்கரை. சிலருக்கு முந்திரிக்காடு. ஜெகதாப்பட்டினம் கடற்கரை கிடைத்தவர்கள் மீன் தின்றே கொழுத்தார்கள். எனக்கும் காலண்டருக்கும் கந்தர்வக்கோட்டை ரோட்டில் ஒரு கிராமத்து அய்யனார் கோயில்காடு விழுந்தது.

வெளியே செம்மண் பொட்டலில் வெயில் கொளுத்தும். காட்டுக்குள் கால் வைத்தால் குளிரும். வீரை, பாலை, குருந்து என்று யாரும் நடாத மரங்கள், அவற்றைப் பின்னிக்கொண்டு கொடிகள், நடுவில் மண்குதிரைகள். மரம் வெட்டக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். செடி கொடி? லெக்சரரிடம் கேட்டோம். “படிப்புக்காக நாலு செடி எடுத்தா அய்யனார் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்” என்று அவர் அய்யனார் சார்பில் உத்தரவு கொடுத்தார். வருஷம் முழுக்க ஆள் இல்லாத மத்தியான வேளைகளில் சைக்கிளில் போய்ப் பறித்தோம். காலண்டர் அதை அழுத்திக் காயவைத்துத் தைத்த அழகு இருக்கிறதே, காய்ந்த செடி என்று யாரும் சொல்ல முடியாது. நான்கூட, இவனோடு ஜோடி சேர்ந்ததில் ஒரு லாபம் உண்டு என்று நினைத்துவிட்டேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் அட்டைகள் முன்வரிசையில். செடி எடுத்த இடத்தை அட்டையில் தெளிவாக எழுதவேண்டும் என்பது விதி. மற்றவர்கள் மூலையில் கிறுக்கியிருந்தார்கள். இவன் ஊர்ப் பெயரையும் அய்யனார் பெயரையும் தமிழிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். சந்தைக்கு வந்த அந்த ஊர்க்காரர் யாரோ வேடிக்கை பார்க்க நுழைந்திருக்கிறார். மறுநாள் பூசாரி வேளாரும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் வாசலில் நின்றார்கள்.

மண்குதிரை செய்கிற வேளார்தான் அங்கே பூசாரி. அவர் சத்தம் போடவில்லை. அட்டையைத் தொடாமல் பார்த்தார்.

“எங்க காட்டு எலை இங்கிட்டு எப்பிடி வந்துச்சு தம்பி?”

லெக்சரர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். நான் அவருக்கும் பின்னால் போய் நின்றேன். காலண்டர் முன்னால் போனான்.

“நாங்கதான் எடுத்தோம். எடுக்கக் கூடாதுங்களா?”

“அந்தக் காட்டுலேருந்து எதுவும் வெளிய போகாது தம்பி. செருப்புப் போட்டு உள்ள வரக்கூடாது. குச்சி ஒடிக்கக் கூடாது.”

“தானா காஞ்சு விழுந்த குச்சி?”

“அது அங்கனயே மக்கணும்.”

“வேட்டியில எலை ஒட்டிக்கிட்டு வந்திருச்சுன்னா?”

“எல்லைக் கல்லுல நின்னு தட்டிட்டுத்தான் வரணும். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து அதான் நடப்பு.”

கேட்கக் கேட்கக் காலண்டரின் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். இந்தப் பயலை எனக்குத் தெரியும். விதி என்று ஒன்றைக் கேட்டுவிட்டால் அது யுனிவர்சிட்டி விதியா, அய்யனார் விதியா என்று அவனுக்குப் பேதம் கிடையாது. மேஜையிலிருந்த அட்டைகளை அடுக்க ஆரம்பித்தான். அவனுடையதை மட்டுமா? என்னுடையதையும்.

“டேய், அது என்னுது” என்றேன்.

“ஒன்னுதும் அங்க எடுத்ததுதானப்பா.”

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய், தைத்த நூலைப் பிரித்து, அந்தந்த மரத்தடியில் அந்தந்தச் செடியைப் போட்டான். ஒரு வருஷ உழைப்பு சருகோடு சருகாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மண்குதிரையைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன், அதையும் எடுக்கக்கூடாது என்பானே என்றுதான் விட்டேன். ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை காத்துக்கொண்டிருந்தது. அதையெல்லாம் சொல்லித் திட்டினேன். கடைசியில், “ஒனக்குக் கப்பல்தாண்டா” என்றேன். அவன் முகம் வெளிறிப் போயிற்று. ஆனாலும் பிரிக்கிறதை நிறுத்தவில்லை.

லெக்சரர் கையை விரித்துவிட்டார். “செடியில்லாம உள்ள விடமாட்டாங்கப்பா. நான் என்ன பண்ண?”

காலண்டர் புத்தகத்தைத் திறந்தான். “எக்ஸாமினருக்குக் காட்டணும்னுதான் சார் போட்டிருக்கு. எந்த எடத்துல வச்சுக் காட்டணும்னு போடலையே.”

“நீயே அவர்ட்ட சொல்லு” என்றார் லெக்சரர். அவருக்கு அந்தத் தீபாவளி இன்னும் மறக்கவில்லை.

எக்ஸாமினர் மதறாஸிலிருந்து வந்தார். முழுக்கைச் சட்டை, கால்சட்டை, மூக்குக்கண்ணாடி. அவர் போன ஊரிலெல்லாம் பாதி வகுப்பு பெயிலாகும் என்று அவருக்கு முன்னாலேயே செய்தி வந்திருந்தது. ஒவ்வொரு மேஜையாக வந்தார். எங்கள் மேஜை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

“எங்கே உங்க கலெக்‌ஷன்?”

“கந்தர்வக்கோட்டை ரோட்டுல இருக்குங்க சார்” என்றான் காலண்டர்.

காலண்டர் நடந்ததைச் சொன்னான், விதியை நீட்டினான். அவர் அந்தப் பக்கத்தை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாளைக் காலையில் வண்டி ஏற்பாடு பண்ணுங்க. அங்கே ஒரு செடி தப்பாகச் சொன்னாலும் ரெண்டு பேரும் அவுட்.”

மறுநாள் வாடகைக் காரில் போனோம். காலண்டர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தான், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எல்லைக் கல்லருகில் வேளார் நின்றார். எக்ஸாமினர் பூட்ஸைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். அந்த வெள்ளைக் கால்கள் முள்ளில் பட்டுத் துள்ளியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு மார்க் குறையும் என்றுதான் தோன்றியது.

அங்கே நடந்த மாதிரி ஒரு வாய்மொழிப் பரீட்சை எங்கும் நடந்திருக்காது. ஊர்க்காரர்கள் சுற்றி நின்று, பஞ்சாயத்துக் கேட்பதுபோல் கேட்டார்கள். எக்ஸாமினர் விரலை நீட்டுவார், நாங்கள் சொல்ல வேண்டும். இந்தக் கொடி ஏன் இந்தப் பக்கம் மட்டும் படர்ந்திருக்கிறது? இந்தச் சருகு மெத்தையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எனக்கு மறந்துபோன இடத்தில் காலண்டர் எடுத்துக் கொடுத்தான், அவன் திணறிய இடத்தில் நான் சொன்னேன். ஒரு கேள்விக்கு நான் யோசித்து நின்றபோது பின்னாலிருந்து ஒருவர், “பையனுக்குப் பசி போலருக்கு, விட்ருங்கய்யா” என்று சிபாரிசு செய்தார்.

குருந்த மரத்தடிக்கு வந்தோம். காலண்டர் அதைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். எக்ஸாமினர் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் இளகியிருந்தது. கேட்டுக்கொண்டே, தன்னை அறியாமல், கையை உயர்த்தி ஒரு இலையைப் பறித்தார். ஓரத்தைக் கசக்கி மோந்தார். எலுமிச்சை வாசனை என் மூக்குக்கே வந்தது. இலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆயுசு முழுக்கச் செடி பார்த்த கை அது. அதற்கு வேறு என்ன தெரியும்?

வேளார் அந்தப் பக்கம் விளக்குத் திரியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் கொடியில் ஓடிய அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது நானும் காலண்டரும் மட்டும். அவன் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. நான் அவன் இடுப்பைக் கிள்ளினேன், நன்றாகவே கிள்ளினேன்.

“பேசாம வா” என்று காதில் சொன்னேன். “பினாங்கு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். எல்லைக் கல் நெருங்க நெருங்க அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. கல்லருகில் எல்லாரும் துண்டையும் வேட்டியையும் உதறினோம். எக்ஸாமினரும் கால்சட்டையைத் தட்டினார். தட்டிவிட்டு ஒரு காலை எடுத்துக் கல்லுக்கு வெளியே வைத்தார்.

“சார், நில்லுங்க” என்றான் காலண்டர்.

“என்ன மிஸ்டர்?”

“ஒங்க சட்டைப்பையில ஒரு எலை இருக்கு சார்.”

ஊர்க்காரர்கள் திரும்பினார்கள். வேளார் கிட்டே வந்தார். எக்ஸாமினர், “நான் எதுவும் பறிக்கலையே” என்று சொல்லிக்கொண்டே பைக்குள் விரலை விட்டார். இலை வந்தது. அவர் முகம் காது வரைக்கும் சிவந்தது. நாலு பேர் முன்னால், அதுவும் பரீட்சை எழுத வந்த பையன் வாயால்.

“ஒரு இலைதானே. சயின்ஸுக்காக” என்றார்.

“நாங்க எடுத்ததும் சயின்ஸுக்குத்தான் சார். திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டோம்.”

எக்ஸாமினர் அவனையே பார்த்தார். “உங்க மார்க்கை நான் இன்னும் போடலை. ஞாபகம் இருக்கா?”

அவன் கண்ணில் அந்தக் கப்பல் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லி மழுப்புடா, சும்மா சிரித்துவிடுடா என்று எனக்குள்ளே கெஞ்சினேன். மாதாவை வேண்டிக்கொண்டேன். நின்ற இடத்தைப் பார்த்து அய்யனாரையும் வேண்டிக்கொண்டேன்.

“இருக்குங்க சார்” என்றான் காலண்டர். “எலையப் போட்டுட்டு வாங்க சார்.”

எக்ஸாமினர் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார். தனியாக நடந்து குருந்த மரத்தடிக்குப் போய்க் குனிந்து இலையை வைத்தார். திரும்பி வந்து, சட்டைப்பையை வெளிப்பக்கமாக இழுத்துவிட்டு, வேளாருக்கு முன்னால் நின்றார்.

“சரிங்கய்யா. போயிட்டு வாங்க” என்றார் வேளார்.

காரில் எக்ஸாமினர் முன்னால் ஏறிக்கொண்டார். முன்சீட்டில் காகிதத்தை வைத்துக் கையால் மறைத்துக்கொண்டு என்னமோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கல்லூரி வாசலில் இறங்கி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் காலண்டரோடு அன்று முழுக்கப் பேசவில்லை. பேசினால் அடித்திருப்பேன்.

அதற்கப்புறம் வந்த கோடை இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். ஆவூரில் சோறு இறங்கவில்லை. திருமயத்துப் பக்கம் காலண்டருக்குப் பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். தகரப்பெட்டிகூட வாங்கியாகிவிட்டதாம். ரிசல்ட் பேப்பரில் வருகிற அன்று விடியற்காலையிலேயே புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். காலண்டர் எனக்கு முன்னால் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

“நான் பாக்கல. நீயே பாருப்பா” என்றான்.

பேப்பர்க் கட்டைப் பிரிக்குமுன்பே ஒன்றைப் பிடுங்கினேன். எறும்பு எறும்பாக நம்பர்கள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனேன். விரல் வியர்த்து மை ஒட்டியது. ஒரு வரி தப்பிப் போய்த் திரும்ப மேலிருந்து வந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய செருப்பில்லாத பெருவிரல் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தது.

இருந்தது. அவன் நம்பர் இருந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அவனைத் தூக்கிவிட்டேன், அது மட்டும் தெரியும். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினான். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும், நன்றாகவே அழுதேன். டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“அவுக பாஸாயிட்டாக, சந்தோஷம். ஒங்க நம்பரு என்னாச்சு தம்பி?”

எனக்கும் ஒரு நம்பர் உண்டு என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.